முன்பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது

ஓசூரிலிருந்து நண்பர் போன் செய்தார். மகள் பி.ஏ. முடித்துவிட்டாள், சர்வதேச உறவு, பாதுகாப்பு, ஏ.ஐ. கொள்கை என்று பெங்களூரில் ஒரு படிப்பு. இரண்டு நாளில் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள், கட்டலாமா? முடிக்கும்போது என்ன காகிதம் கொடுப்பார்கள் என்று கேட்டேன். "ஏதோ சர்டிபிகேட்தான் சார்" என்றார். அந்த 'ஏதோ'வில்தான் எனக்குக் கவலை.

இந்தத் துறைக்குப் பெங்களூர் தோதான ஊர். இஸ்ரோ தலைமையகம், எச்.ஏ.எல்., டி.ஆர்.டி.ஓ. ஆய்வுக்கூடங்கள், இந்திய அறிவியல் கழகம் எல்லாம் இங்கேதான். ஆனால் நல்ல பாடம் ஒரு கட்டடத்திலும் பட்டம் இன்னொரு கட்டடத்திலும் இருக்கலாம். தேசிய சட்டப் பள்ளி கர்நாடக அரசு சட்டம் இயற்றி உருவாக்கிய பல்கலைக்கழகம். அதன் பொதுக்கொள்கை முதுகலைப் படிப்பை முடித்தால் கிடைப்பது பட்டம். ஜே.ஆர்.டி. டாட்டா முயற்சியில் 1988-ல் தொடங்கிய தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்யலாம். முனைவர் பட்டம் தருவது அதனுடன் இணைந்த பல்கலைக்கழகம். தட்சசீலா நிறுவனம் தொழில்நுட்பக் கொள்கையையும் வெளியுறவையும் கற்றுத்தருகிறது. அதன் கிராஜுவேட் சர்டிபிகேட், பெயரே சொல்வதுபோல், சான்றிதழ்தான். ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கு அது போதும். பேராசிரியராக நினைக்கும் பெண்ணுக்குப் போதாது; அதற்கான தகுதித் தேர்வான நெட்டுக்கு முதுகலைப் பட்டத்தில் 55 சதவீதம் கேட்பார்கள், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. சான்றிதழை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

'பட்டம்' என்பது சட்டச் சொல். 1956-ம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சட்டத்தின் 22-ம் பிரிவுப்படி, சட்டத்தால் உருவான பல்கலைக்கழகமோ நிகர்நிலைப் பல்கலைக்கழகமோ நாடாளுமன்றம் அதிகாரம் தந்த நிறுவனமோதான் அதை வழங்கலாம். மீறினால் என்ன தண்டனை தெரியுமா? அதிகபட்சம் 1,000 ரூபாய் அபராதம். அந்தக் காலத்தில் அது பெரிய தொகைதான். இன்று பெங்களூரில் ஒரு குடும்பம் ஓட்டலில் சாப்பிட்டால் வரும் பில். எனவே அபராதத்துக்குப் பயந்து யாரும் கடையை மூடுவார்கள் என்று நம்ப வேண்டாம். யுஜிசி இணையதளத்தில் போலிப் பல்கலைக்கழகப் பட்டியல் இருக்கிறது. பெலகாவி மாவட்டம் கோகாக்கில் இயங்கிய ஒன்றின் பெயர் பல ஆண்டுகளாக அதில் இருந்தது. ஏமாந்தவர்கள் காவல் நிலையத்தில் மோசடிப் புகார் தரலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ம் பிரிவு அதற்கானது.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரை முன்னால் வைத்து இங்குள்ள ஆன்லைன் நிறுவனம் 'கூட்டுப் பட்டம்' தருவதாகச் சொன்னால் இன்னும் உஷார். அப்படிப்பட்ட ஆன்லைன் முனைவர் பட்டங்கள் செல்லாது என்று 2022 அக்டோபரிலேயே யுஜிசி எச்சரித்தது. யுஜிசி அனுமதியோடு இங்கே வளாகம் திறக்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் கதை வேறு. அந்த அனுமதிக் கடிதத்தைக் கேட்டுப் பார்க்கலாம்.

சேர்ந்த பிறகு மனம் மாறினால்? யுஜிசியின் 2018 அறிவிக்கையின்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னால் விலகினால், சிறு கழிவு போக முழுக் கட்டணமும் திரும்ப வரவேண்டும். தேதி தாண்டத் தாண்டத் தொகை குறையும், 30 நாள் கடந்தால் ஒன்றும் இல்லை. பின்னால் வந்த ஆண்டுச் சுற்றறிக்கைகள் சில மாணவருக்கு இன்னும் சாதகமானவை. நீங்கள் சேரும் ஆண்டுக்குரியதைப் பாருங்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்ளவும் கல்லூரிக்கு உரிமை இல்லை. சரிபார்த்துக் கையோடு திருப்பித்தர வேண்டும்.

கட்டணத்தையோ மார்க் ஷீட்டையோ திருப்பித்தரவில்லை என்றால் முதலில் கல்லூரியின் மாணவர் குறைதீர்க்கும் குழு. 2023 விதிமுறைப்படி அதற்கு 15 வேலைநாள் அவகாசம். முடிவு திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு. யுஜிசியின் இ-சமாதான் தளமும் உண்டு. சான்றிதழ் மட்டும் தரும் தனியார் அமைப்பிடம் இந்த விதி எடுபடாது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்றால் அங்கேயும் சிக்கல்: 2020 ஜனவரியில் தேசிய நுகர்வோர் ஆணையம் கல்வி நிறுவனங்களைத் தன் வரம்புக்கு வெளியே வைத்துவிட்டு, கோச்சிங் மையங்களை மட்டும் உள்ளே விட்டது. உங்கள் அமைப்பு எந்தப் பக்கம் என்பதை வழக்கில்தான் வாதாட வேண்டும். அப்போது கையில் இருக்க வேண்டியவை பிராஸ்பெக்டஸ், ரசீது, மின்னஞ்சல். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

நண்பரிடம் ஒரே கேள்வியை மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னேன்: "எந்தப் பல்கலைக்கழகம், என்ன பெயரில், பட்டமா சான்றிதழா?" பதில் வரும்வரை முன்பணம் அவர் சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும் என்றேன்.