விலை அறியாது விற்பதனால் உண்டாகும் நட்டம்

ருவான்வெல்லைப் பகுதியில் சூடடிப்பு முடியுமுன்னரே மழை பிடித்துக்கொள்வதுண்டு. உலர்த்த வெயிலில்லை; நெல் முளைத்துவிடுமோ என்ற அச்சம் ஒருபுறம், கடைக்கடன் மறுபுறம். இந்நிலையில் கமக்காரர் வாசலுக்கு வந்த வியாபாரி சொன்ன விலைக்கே நெல்லைக் கொடுத்துவிடுகின்றார். அன்றைய ஆலை விலை, அயற்கிராமங்களிலுள்ள நெல்லின் அளவு, விற்பவரின் அவசரம் ஆகிய யாவும் வியாபாரிக்குத் தெரியும். கமக்காரர் அறிந்ததோ தம் நெல்லை மட்டுமே.

ஈரத்துக்கென்று கழிக்கப்படும் எடையே இதற்குத் தக்க உதாரணம். அரசாங்கக் கொள்வனவில் 14 வீத ஈரப்பதனே அளவுகோலாகும். 20 வீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் ஈரம் நீங்கிய பொருள் 80 கிலோ. அந்நெல்லை 14 வீத ஈரத்துக்கு உலர்த்தினால் ஏறக்குறைய 93 கிலோ எஞ்சும். ஆகவே ஈரத்துக்குரிய கழிவு 7 கிலோவே. 10 கிலோ கழிக்கப்படுமாயின், மிகுதி 3 கிலோவுக்குக் காரணம் கேட்பது தவறன்று. உலர்த்தும் கூலி உண்டென வியாபாரி கூறுவார், அதுவும் மெய்யே. ஆயினும் கூலி வேறு, ஈரம் வேறு. இரண்டையும் தனித்தனியே பேசிக்கொள்ளல் வேண்டும்.

மரக்கறிச் செய்கையிலும் இந்நிலையே. தம்புள்ளையில் விற்கும் சிறு கமக்காரரிடையே லேர்ன்ஏசியா நிறுவனத்தார் நடத்திய ஆய்வொன்றில், அவர்களது மொத்தச் செலவில் சுமார் 11 வீதம் தகவல் தேடுவதற்கே சென்றதெனக் காணப்பட்டது. கேரளக் கரையில் 1997 முதல் 2001 வரை கைத்தொலைபேசி பரவியபோது, மீனவர் கடலிலிருந்தவாறே துறைதோறும் விலை விசாரித்தனர். ஒரு துறையில் வாங்குவாரின்றி மீனைக் கொட்டுவதும் அடுத்த துறையில் மீனின்றி விலையேறுவதும் பெரும்பாலும் ஒழிந்தன. மீனவர் இலாபம் கூடியது. வாங்குவோருக்கும் விலை சற்றுக் குறைந்தது.

விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாத இடமும் உண்டு. மூட்டையின் மேலே இளம் பாகற்காயும் அடியிலே முற்றலும் இருப்பதை அடுக்கியவரே அறிவார். இருமுறை ஏமாந்த வியாபாரி, மூன்றாம் முறை எல்லா மூட்டைகளுக்கும் தாழ்ந்த விலையே கூறுவார். அவ்விலைக்கு நல்ல காயைக் கொண்டுவருவது நேர்மையான கமக்காரருக்குக் கட்டுபடியாகாது. நாளடைவில் சந்தையில் மட்டமான காயே மிஞ்சும். பழைய மோட்டார் வாகன விற்பனையை உதாரணமாகக் காட்டி இதனை 1970ஆம் ஆண்டில் விளக்கிய ஜோர்ஜ் அக்கர்லோவ், 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தரம் பிரித்து, தரத்துக்கொரு மூட்டையாகக் கட்டி, அவிழ்த்துக் காட்டி விற்பவர் சில வாரங்களில் தனி விலை பெறலாம். முதல் வாரத்திலேயே பலனை எதிர்பார்த்தலாகாது.

மனத்தின் இயல்பும் நட்டத்துக்குக் காரணமாகின்றது. சென்ற போகத்தில் பயற்றங்காய் நல்ல விலை போயிற்றென்றால் இப்போகத்தில் ஊரே பயற்றை நடும். அறுவடையும் ஒருங்கே வந்து விலை விழும். அப்போதும் பழைய விலையையே மனத்தில் வைத்துக் காத்திருப்போரின் காய் முற்றிப்போகும். நடுமுன்னரே அயலில் எவ்வளவு நிலத்தில் என்ன நடப்படுகிறதென்று விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிதல் நன்று.

ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகம் சந்தை விலைகளைத் திரட்டி வெளியிடுகின்றது. பேலியகொடைச் சந்தையின் மொத்த விலையை வாசலில் கேட்ட விலையோடு ஒப்பிடுமுன், வண்டிக்கூலி, சாக்கு, தரகு, வழியில் பழுதாகும் காய் ஆகியவற்றைக் கழித்துக்கொள்ள வேண்டும்.