ஒற்றைச் சிறுநீரகத்தின் கணக்கு

55 வயது அம்மா ஒருவர் மகனுக்குச் சிறுநீரகம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கொடுக்கும் முன் ரத்தத்தில் கிரியேட்டினின் 0.7, ஓராண்டு கழித்து 1.1. பல ஆய்வகங்களின் தாளில் இது வரம்புக்குள்தான். ஆனால் அடுத்த வரியில் இ.ஜி.எஃப்.ஆர். 59 என்று தடித்த எழுத்தில் நிற்கும். கூடவே ‘நாள்பட்ட சிறுநீரக நோய், மூன்றாம் நிலை’ என்ற குறிப்பும் இருக்கலாம். எதை நம்புவது?

இரண்டையும் அப்படியே நம்ப முடியாது என்பதுதான் பதில். கிரியேட்டினின், தசையில் உண்டாகும் கழிவு. வடிகட்டும் வேகம் பாதியானால் ரத்தத்தில் அது இரட்டிப்பாகும். ஒரு சிறுநீரகம் போனபின் 0.7 என்பது 1.4 ஆகியிருக்க வேண்டுமே? ஆகவில்லை. மிஞ்சிய சிறுநீரகம் சில நாட்களிலேயே கூடுதல் ரத்தத்தை வாங்கி வேலையைக் கூட்டிவிடுகிறது. கொஞ்சம் பருக்கவும் செய்கிறது. வடிகட்டும் நுண்ணலகான நெஃப்ரான் ஒன்றுகூடப் புதிதாக முளைப்பதில்லை. இருக்கிற ஏறத்தாழ பத்து லட்சமும் முன்பைவிடக் கூடுதலாக உழைக்கின்றன, அவ்வளவுதான். அதனால் பழைய திறனில் பொதுவாக 65 முதல் 70 சதவீதம்வரை மிஞ்சுகிறது. முதல் சில ஆண்டுகளில் அது மெல்ல ஏறுவதும் உண்டு.

இ.ஜி.எஃப்.ஆர். நேரடியாக அளந்த எண் அல்ல. கிரியேட்டினின், வயது, பாலினம் மூன்றையும் வைத்து, சிறுநீரகம் வடிகட்டும் வேகத்துக்குப் போடும் மதிப்பீடு. கொடையாளர்களிடம் அது உண்மையைவிடச் சற்றுக் குறைத்தே காட்டுகிறது. முந்தின இரவு சாப்பிட்ட மட்டன் பிரியாணிகூடக் கிரியேட்டினினை ஏற்றிவிடும். சந்தேகம் வந்தால், தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி பரிசோதனை கைகொடுக்கும். யூரிக் அமிலமும் பாராதைராய்டு ஹார்மோனும் சற்று ஏறியிருக்கலாம், பாஸ்பேட் சற்று இறங்கியிருக்கலாம். கொடைக்குப் பின் எதிர்பார்க்கக்கூடிய மாற்றங்கள்தான் இவை.

அதற்காக ‘ஒன்றும் ஆகாது’ என்று சொல்லி அனுப்புவதும் சரியல்ல. அமெரிக்காவில் 96,217 கொடையாளர்களை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வில், 15 ஆண்டுகளில் 10,000 பேரில் சுமார் 31 பேருக்குச் சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்தது. அதே அளவு ஆரோக்கியமாக இருந்து, கொடுக்காதவர்களிடம் அது சுமார் 4. எட்டு மடங்கு என்றால் பயம் வரும். 10,000இல் 31 என்றால் தைரியம் வரும். கையெழுத்துப் போடும் முன் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இளம்பெண் கொடுத்தால், பின்னாளில் கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்பு கூடுகிறது என்பதையும்.

கொடையாளரைப் பொறுத்தவரை ஒரு தனி எண்ணைவிட அது போகும் திசைதான் முக்கியம். 1.1 ஐந்து வருடமாக 1.1ஆகவே இருந்து, சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசியாமல், ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருந்தால், தாளில் உள்ள ‘மூன்றாம் நிலை’யைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. 1.1 என்பது 1.3 ஆகி, அல்புமினும் எட்டிப்பார்த்தால் சும்மா இருக்கக் கூடாது. இந்த ஒப்பீட்டுக்குக் கொடைக்கு முந்தைய ரிப்போர்ட் கையில் வேண்டும். நம் வீடுகளில் மகனின் ஃபைல் தடித்துக்கொண்டே போகும்; அம்மாவின் ரிப்போர்ட் எந்தப் பீரோவில் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. ஆண்டுக்கு ஒருமுறை மகனோடு மருத்துவமனைக்குப் போகும்போதே அவரும் ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துவிடலாம். மூட்டுவலிக்கு, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய டைக்ளோஃபினாக் போன்ற வலிமாத்திரையை மருந்துக்கடையில் தானாகக் கேட்டு வாங்கும் பழக்கம் இருந்தால், அதையும் அன்றே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.