தேக்கம்பட்டிப் பாட்டி

தாம்பரத்தில் நமது பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் கணக்கு வகுப்பு. "பத்து ஏக்கர் நிலத்தில் எத்தனை கிரவுண்டு?" என்று கேட்டோம். ஏக்கருக்கு 43,560 சதுர அடி, கிரவுண்டுக்கு 2,400. "நூற்றெண்பத்தொன்றரை, ஸார்!" என்று ஒரு பையன் நிமிஷத்தில் விடை சொன்னான். அத்துடன் நிற்கவில்லை. "இன்றைய விலைக்கு எவ்வளவு தேறும், ஸார்?" என்றும் கேட்டான். அந்த நிலத்தில் என்ன விளையும் என்று கேட்பார் வகுப்பில் ஒருவரும் இல்லை. பையனைக் குறை சொல்லிப் பயன் என்ன? அவன் பிறந்த ஊரில் நிலம் என்றால் மனை. மனை என்றால் விலை.

அந்தப் பத்து ஏக்கரை நாம் கற்பனையில் உண்டாக்கவில்லை. அது ஒரு பாட்டியம்மாள் வாங்கிய நிலம்.

கோயமுத்தூர் ஜில்லாவில் மேட்டுப்பாளையத்துக்கு அருகே பவானி நதிக்கரையில் தேக்கம்பட்டி என்று ஒரு கிராமம். கோயில் யானைகளுக்குப் புத்துணர்வு முகாம் நடந்த இடம் என்று சொன்னால் நேயர்களுக்கு நினைவு வரலாம். அங்கே வாழ்ந்தவர் ஸ்ரீமதி பாப்பம்மாள். 1914-ம் வருஷத்தில் தேவலாபுரத்தில் பிறந்தார். இளம் வயதிலேயே தாய் தந்தையரை இழந்தார். தம் இரண்டு சகோதரிகளுடன் தேக்கம்பட்டிக்கு வந்து பாட்டியின் நிழலில் வளர்ந்தார். பாட்டிக்கு ஒரு சிறிய மளிகைக் கடை இருந்தது. அவருக்குப் பின் அது பாப்பம்மாளிடம் வந்தது. கடையோடு சிற்றுண்டிச் சாலை ஒன்றும் வைத்து நடத்தினார். அந்த லாபத்தைச் சேர்த்து வைத்துத்தான் சுமார் பத்து ஏக்கர் வாங்கினார்.

இதன் அருமையை நம் சகோதரிகள் நன்கு அறிவார்கள். மகளுக்கும் மகனைப் போல் பரம்பரைச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989-ல். நாடு முழுவதும் அது பரவியது 2005-ல். அதற்கெல்லாம் வெகு காலம் முன்பே, பங்கு கேட்டு யார் வாசலிலும் நிற்காமல், உப்பும் புளியும் விற்ற காசில் ஒரு பெண்மணி தமக்கென்று பூமி தேடிக் கொண்டார்.

வாங்கிய நிலத்தைக் குத்தகைக்கு விட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர் அல்லர். பொழுது விடிந்ததும் வயலில் நிற்பார். தானியம், பயறு, காய்கறி, வாழை எல்லாம் அவர் கையால் விளைந்தன. மாடும் ஆடும் இல்லாமல் வயல் இல்லை என்று நம் முன்னோர் அறிந்திருந்தனர். சாணமும் தழையும் மக்கி மண்ணில் சேர்ந்தால் மண் நெகிழ்ந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும், மண்புழு பெருகும், வேர் தடையின்றி ஓடும். இந்த இயற்கை முறையை அந்த அம்மாள் போற்றியதோடு, கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாருடன் தொடர்பு வைத்து, தாம் கற்றதைப் பிறருக்கும் எடுத்துச் சொன்னார்.

ஊர்க் காரியத்திலும் பின்வாங்கவில்லை. 1959-ல் தேக்கம்பட்டி பஞ்சாயத்து அங்கத்தினரானார். பிறகு காரமடை பஞ்சாயத்து யூனியனிலும் இடம் பெற்றார். முதுமையில் நிலத்தில் பெரும் பகுதியை விற்க நேர்ந்தது. ஆயினும் இரண்டரை ஏக்கரை மட்டும் விடவில்லை; நூறு வயதைத் தாண்டியும் அதில் இறங்கிப் பாடுபட்டார். தேக சௌக்கியத்தின் ரகசியம் கேட்டவர்களிடம், இலையில் சூடாகச் சாப்பாடு, நிறையக் கீரை காய்கறி, பிடித்தது ஆட்டிறைச்சிப் பிரியாணி என்று ஒளிவு மறைவின்றிச் சொன்னார். வைத்திய சிகாமணிகள் மன்னிப்பார்களாக!

2021-ம் வருஷம் இந்திய சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. அதே வருஷம் பிப்ரவரியில் கோயமுத்தூருக்கு வந்த பிரதம மந்திரி ஸ்ரீ நரேந்திர மோடி அவரைக் கண்டு வணங்கினார். பாட்டியோ தி.மு. கழகத்தைச் சேர்ந்தவர், 2024 செப்டம்பரில் அக்கழகம் தன் முப்பெரும் விழாவில் அவருக்குப் பெரியார் விருது வழங்கியது. எதிலும் ஒத்துப் போகாத இரு கட்சியாரும் அந்தக் காய்த்த கைகளைக் கௌரவிப்பதில் மட்டும் ஒத்துப் போனார்கள். சில தினங்களில், செப்டம்பர் 27-ந் தேதி, நூற்றுப்பத்தை நெருங்கிய அந்த ஆயுள் முடிந்தது.

இனி நம் ஊரைப் பார்ப்போம். மாடம்பாக்கத்தில் கோயில் கொண்ட ஈசுவரனுக்குத் தேனுபுரீசுவரர் என்று திருநாமம். தேனு என்றால் பசு. கபில முனிவர் பசுவாக வந்து பூஜித்த தலம் என்பது ஐதிகம். சேலையூர், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் என்று ஊருக்கு ஓர் ஏரியும் ஏரிக்குக் கீழே வயலுமாக இருந்த பூமி இது. 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது பாப்பம்மாளுக்கு வயது பதினேழு. 2021-ல் அவர் பத்மஸ்ரீ பெற்றார். தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. இடையில் அவர் கடையை நடத்தி நிலம் வாங்கினார். நாமோ நிலத்தை விற்று, கீரைக் கட்டுக்கும் கடைக்குப் போகிறோம்.

வீடு கட்டியதைப் பாவம் என்று நாம் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை எழுதும் நாமும் ஒரு காலத்து வயலின் மேல்தான் குடியிருக்கிறோம். ஆனால் தண்ணீருக்குப் பத்திரப் பதிவு தெரியாது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருவில் படகு விட்டதை யார் மறப்பார்? மிஞ்சியிருக்கும் ஏரிகளையும் கால்வாய்களையுமாவது, பாட்டி தம் இரண்டரை ஏக்கரைக் காத்ததைப் போல் நாம் காக்க வேண்டாமா?

மறுநாள் வகுப்பில் பாட்டியின் கதையைச் சொன்னோம். முந்தின நாள் விலை கேட்ட பையன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "எங்கள் தாத்தாவுக்கும் வயல் இருந்ததாம், ஸார். அது எங்கே இருந்தது என்று இன்றைக்கு வீட்டில் கேட்கிறேன்" என்றான்.

நேயர்களும் தத்தம் வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்.