ஊன்றுகோல் வாங்குமுன்...

பிறர் தோளை எதிர்பாராமல் கடைத்தெருவுக்குப் போய்வர வேண்டும். நடக்க இயலாதவரின் ஆசை அதுதான். அதற்கு ஏற்ற துணைக்கருவி எது?

கைத்தடிக்கும் அளவு உண்டு. செருப்பணிந்து நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டு மட்டத்தில் அதன் பிடி இருக்கவேண்டும். பலவீனமான காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடிக்கவேண்டும். அடி ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்றவேண்டும். இல்லையேல் தாங்கவேண்டிய தடியே வழுக்கிவிடும்.

சக்கர நாற்காலி வாங்குவோர், போகும் வழியையும் பார்க்கவேண்டும். ஆஸ்பத்திரித் தளத்தில் சுலபமாக ஓடும் சிறிய முன்சக்கரம், ஆலங்குடிப் பக்கத்துச் செம்மண் பாதையில் புதைந்துவிடும். அங்கே கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டி மேல். ஆனால் தோளில் வலு வேண்டும்.

ஜெய்ப்பூரில் 1968-ல் டாக்டர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் செயற்கைக் கால் செய்தபோதும் இதையே எண்ணினார்கள். வெறுங்காலுடன் நடக்கவும், குந்தி உட்காரவும், வயலில் இறங்கவும் அது உதவியது. நம் வாழ்க்கைக்கு ஏற்ற கால் அது!

புதுக்கோட்டை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் தகுதியுள்ளோருக்கு உபகரணங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இலவசந்தானே என்று இருந்துவிடக் கூடாது. அளவு பார்த்து, நடந்து பார்த்துப் பெறுவதே நலம்.