பூனைக்காலிக்குள் ஒரு மருந்து

ரிஷிவந்தியத்திலிருந்து மேற்கே கல்வராயன் மலைப் பக்கம் போகிறவர்கள், வேலியோரக் கொடியில் கை வைக்குமுன் ஒருமுறை உற்றுப் பார்த்துக்கொள்வது நல்லது. பூனைக்காலியாக இருந்துவிடலாம். வளைந்த காயின் மேல் பழுப்புச் சுணை, பார்க்க வெல்வெட் போலத்தான் இருக்கும். பட்டுவிட்டால் பொழுதுக்கும் சொறிய வேண்டியதுதான். உள்ளே பளபளப்பான விதைகள். நாட்டு மருந்துக் கடையில் நரம்புத் தளர்ச்சிக்கென்று கேட்பார்கள். சிலர் குரலைத் தாழ்த்தி வேறொன்றுக்கும் கேட்பார்கள்.

1937-இல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் இந்த விதையிலிருந்து எல்-டோபா என்ற வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அது நடுக்குவாதத்துக்கு மருந்தாகும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. 20 ஆண்டு கழித்து ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன், ரெசர்பின் என்ற மருந்து கொடுத்து முடக்கிய முயல்களுக்கு எல்-டோபா ஊசி போட்டார். முயல்கள் எழுந்து நடமாடின. அந்த ரெசர்பினும் நம் சர்ப்பகந்தா வேரில் கிடைத்ததுதான். 2000-இல் கார்ல்சனுக்கு நோபல் பரிசு.

நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயில் டோபமைன் சுரக்கும் மூளைச் செல்கள் அழிகின்றன. டோபமைனையே கொடுத்தால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. எல்-டோபா நுழையும், உள்ளே போய் டோபமைனாக மாறும். 2004-இல் வெளியான லண்டன் ஆய்வில் 8 நோயாளிகளுக்கு 30 கிராம் பூனைக்காலித் தயாரிப்பு கொடுத்தபோது, சுமார் 34 நிமிடத்தில் வேலை செய்தது. வழக்கமான மாத்திரைக்கு 68 நிமிடம் பிடித்தது. எட்டே பேர்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

ஆனால் இது மூளையைக் காக்கிற மருந்தல்ல, குறைந்ததை ஈடுகட்டுகிற மருந்து. செல்கள் அழிவது அழிந்துகொண்டேதான் இருக்கும். ‘மூளையைக் காக்கும்’ என்று அட்டையில் போட்டு விற்கிற வல்லாரை, மஞ்சள் எல்லாம் எலியிடமும் ஆய்வகச் செல்லிடமும் நம்பிக்கை தந்தவை. மஞ்சளின் குர்குமின் குடலைத் தாண்டி ரத்தத்தில் சேர்வதே சொற்பம். ஜின்கோ இலைச்சாற்றை அமெரிக்காவில் 3,069 முதியவர்களிடம் ஆண்டுக்கணக்கில் சோதித்தார்கள். மறதிநோய் குறையவில்லை என்று 2008-இல் முடிவு வந்தது.

பூனைக்காலிப் பொடியில் வேறொரு சிக்கல். விதைக்கு விதை எல்-டோபா அளவு மாறும். ஒரு கரண்டியில் எவ்வளவு என்று விற்கிறவருக்கும் தெரியாது. கூடிப்போனால் வாந்தி, தலைசுற்றல், கைகால் தானாக நெளிந்து ஆடுவது. பார்க்கின்சன் மாத்திரை சாப்பிடுகிறவர் பொடியும் எடுத்தால், அதை நரம்பியல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். திட்டுவாரே என்று மறைத்தால், பொடியின் ஆட்டத்தை நோயின் ஆட்டமென்று நினைத்து மாத்திரையை மாற்றிவிடுவார்.