நாளைய மழைக்கு வெதர்மேன், முப்பது ஆண்டு வெயிலுக்கு யார்?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் சென்னைக் கல்லூரி விடுதிகளில் இரவு பதினொரு மணிக்குக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “மச்சி, நாளைக்கு லீவா?” பதிலுக்கு யாரும் செய்தித்தாளைப் புரட்டுவதில்லை. ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜானின் பதிவு, விண்டி செயலியில் சுழலும் காற்றுப் படம், வாட்ஸ்அப்பில் வந்து விழும் ஸ்கிரீன்ஷாட், அவ்வளவுதான். இவர்களுடைய அண்ணன்களும் அக்காக்களும் இதே கேள்விக்கு டி.வி.யில் வானிலை மையத்தின் ரமணன் வரக் காத்துக் கிடந்தார்கள்.

இந்தத் தலைமுறை எதையும் நம்பாது என்று புலம்புபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வானிலைக்காரர் சொன்னது பலித்ததா என்று மறுநாள் காலையில் ஜன்னலைத் திறந்தால் தெரிந்துவிடும். நம்பிக்கை அப்படித்தான் சேர்கிறது. பலிக்காவிட்டால் மீம்ஸ் பறக்கும். 2024 அக்டோபரில் சென்னைக்கு ரெட் அலர்ட் விடுத்தபோது வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை நிறுத்தினார்கள். 16ஆம் தேதி, பயந்த அளவுக்கு மழை இல்லை. கேலிக்குக் குறைவில்லை. 20 செ.மீ.க்கு மேல் பெய்யக்கூடும், தயாராக இருங்கள் என்பதுதான் ரெட் அலர்ட். பெய்தே தீரும் என்று அதில் யாரும் சத்தியம் செய்வதில்லை.

காலநிலை மாற்றத்துக்கு இந்த ஜன்னல் சோதனை கிடையாது. அது முப்பது ஆண்டுக் கணக்கு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது, தூத்துக்குடி மாவட்டத்தின் ஓராண்டு மழையைவிட அதிகம். வெள்ள வீடியோக்கள் எல்லார் போனுக்கும் வந்தன. ஒரு டிகிரி சூடு கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும் என்ற விளக்கம் எத்தனை போனுக்கு வந்திருக்கும்? அந்த இடைவெளியில்தான் ‘ஹார்ப்’ என்ற ஆய்வு நிலையம்தான் மழையை ஏவுகிறது என்கிற சதி வீடியோக்கள் புகுந்துகொள்கின்றன. காலநிலை மாற்றத்தை மறுக்கும் வீடியோக்களுக்கு விளம்பர வருமானம் கிடையாது என்று 2021இல் யூடியூப் அறிவித்தது. வருமானம்தான் நிற்கும், வீடியோ ஓடும்.

வகுப்பறை என்ன செய்கிறது? சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1991இலேயே உத்தரவிட்டது. இன்று அது ‘ஈ.வி.எஸ்.’ பேப்பர், முந்தின நாள் ராத்திரி ஜெராக்ஸ் நோட்ஸில் முடிந்துவிடுகிற சமாச்சாரம்.

பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் வானாய்வகம் இருந்த, மழையையும் வெயிலையும் குறித்துவைத்த ஊர் சென்னை. ஓசோன் படலப் படம் வரையச் சொல்வதை ஒரு பருவத்துக்கு நிறுத்திவிட்டு, அவரவர் ஊரின் மழை, வெயில் கணக்கை மாணவர்கள் கையில் கொடுங்கள். கூட்டிக் கழித்து அவர்களே பார்க்கட்டும்.