கரை எட்டாத இடத்தில் பல்வலி

பிரேசிலில் இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு சீனாவுக்குப் புறப்படும் கப்பல் ஏறத்தாழ 11,000 கடல்மைல் ஓட வேண்டும். ஐந்து வாரத்துக்குக் குறையாது. கப்பலில் இருபது, இருபத்தைந்து பேர் இருப்பார்கள், மருத்துவர் இருக்கமாட்டார். 100 பேரோ அதற்கு மேலோ ஏறி, மூன்று நாளைத் தாண்டிய பன்னாட்டுப் பயணம் போகும் கப்பல்களுக்குத்தான் மருத்துவர் கட்டாயம் என்கிறது 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. சரக்குக் கப்பலில் மருந்துப் பெட்டி பெரும்பாலும் செகண்ட் ஆபீசரின் பொறுப்பு. கப்பலை ஓட்டப் படித்தவர் அவர். மருத்துவத்தில் அவருக்குக் கிடைத்தது குறுகிய பயிற்சிதான்.

அங்கே ஒருவருக்கு நடுராத்திரியில் கடைவாய்ப் பல் குடையத் தொடங்கினால் முதல் நாள் பாராசிட்டமால் கொடுப்பார்கள். மறுநாள் அதோடு ஓர் ஆன்டிபயாட்டிக் சேரும். மூன்றாம் நாள் தாடை வீங்கி வாய் திறக்க முடியாமல் போனால், யாரை எப்படிக் கரைக்கு அனுப்புவது என்று கேப்டன் கணக்குப் போடத் தொடங்குவார். மீட்பு ஹெலிகாப்டர் கரையிலிருந்து சில நூறு கடல்மைல் தூரம்தான் வந்து திரும்ப முடியும். அதற்கு அப்பால் என்றால் கப்பலே பாதையை மாற்றி அருகிலுள்ள துறைமுகத்துக்கு ஓட வேண்டும். எரிபொருளும் நாட்களும் வீணாகும். ஆள் இறங்கிவிட்டால் அவருடைய வாட்ச் முறைப் பணியையும் மற்றவர்கள் பார்க்க வேண்டும்.

பல்வலியால் யாரும் சாகமாட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கீழ்த்தாடையின் கடைசி இரண்டு கடைவாய்ப் பற்களின் வேர்கள், வாயின் அடித்தளமாக இருக்கும் தசைக்கும் கீழே முடிகின்றன. அந்த வேரின் நுனியில் கட்டிய சீழ் அங்கிருந்து தாடைக்கு அடியிலும் கழுத்துக்கும் பரவலாம். அப்போது நாக்கு மேலே தள்ளப்பட்டு மூச்சுப்பாதை அடைபடும். 1836இல் ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் விவரித்த இந்த நோய்க்கு இன்றும் அவர் பெயர்தான். ஆன்டிபயாட்டிக் வருவதற்கு முன்பு இதற்கு ஆளானவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. இப்போது பிழைக்கிறார்கள், ஆனால் உரிய நேரத்தில் மருத்துவமனைக்குப் போய்ச் சேர வேண்டும்.

இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரிவதில்லை. சொத்தை பல்லின் உள்ளே இருக்கும் நரம்பை எட்டும்போது வலி உச்சத்துக்குப் போகும். படுத்தால் இன்னும் கூடும். பிறகு திடீரென்று நின்றுவிடும். சரியாகிவிட்டது என்று ஆள் நிம்மதியாகத் தூங்குவார். உண்மையில் நரம்பு செத்திருக்கும், கிருமி வேர் வழியாக எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். சில வாரமோ சில மாதமோ கழித்து அதுவே வீக்கமாக வெளியே வரும். ஆன்டிபயாட்டிக் அந்தப் பரவலைக் கொஞ்ச காலம் தடுக்கும், அவ்வளவே. சீழை வெளியேற்றி, வேர் சிகிச்சை செய்யும் வரை அல்லது பல்லைப் பிடுங்கும் வரை நோயின் ஊற்று உள்ளேயேதான் இருக்கும். முதன்முறை கப்பல் ஏறும் கேடட்டுகளுக்கு வேறொரு தொல்லை உண்டு. பதினேழு முதல் இருபத்தைந்து வயதுக்குள்தான் ஞானப்பல் முளைக்கும். அது பாதி வெளிவந்து நிற்கும்போது, மேலே மூடியிருக்கும் ஈறுக்கு அடியில் உணவு தங்கிச் சீழ் பிடிக்கும்.

தொலைவிடத்தில் திடீரென்று வரும் நோய்களில், முன்கூட்டியே கண்டுபிடிக்க வாய்ப்பு அதிகமுள்ளவற்றில் ஒன்று பல்நோய். படைகள் இதை எப்போதோ உணர்ந்துவிட்டன. நேட்டோ நாடுகளின் படைகளில் வீரர்களின் பற்களை நான்கு வகுப்பாகப் பிரிப்பார்கள். முதல் வகுப்புக்குச் சிகிச்சை ஏதும் தேவையில்லை. இரண்டாம் வகுப்புக்குச் சிகிச்சை தேவை, ஆனால் ஓராண்டுக்குள் அவசரநிலை வர வாய்ப்பு குறைவு. ஓராண்டுக்குள் வரக்கூடும் என்றால் மூன்றாம் வகுப்பு. பரிசோதனையே செய்துகொள்ளாதவர் நான்காம் வகுப்பு. கடைசி இரண்டு வகுப்பினரையும் களத்துக்கு அனுப்பும் முன் பல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதே இந்தப் பிரிவினையின் நோக்கம். இந்திய ராணுவத்திலும் 1941 முதல் பல் மருத்துவத்துக்கென்றே தனிப் படைப்பிரிவு இருக்கிறது. பல்வலி வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று அங்கே இருக்க முடியாது: சியாச்சின் பனிமலை போன்ற இடத்திலிருந்து நோயாளியைக் கீழே கொண்டுவர ஹெலிகாப்டர்தான் வழி, அதுவும் வானிலை இடம் கொடுத்தால்தான்.

வணிகக் கப்பலில் அந்தக் கண்டிப்பு இல்லை. மாலுமிகளின் உடற்தகுதிச் சான்றிதழ் அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள் செல்லும். சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சர்வதேச கடல்சார் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட மருத்துவப் பரிசோதனை வழிகாட்டியில் வாய்நலத்துக்கும் இடம் உண்டு. கண்ணுக்குத் தெரியும்படி சிகிச்சை பெறாத பல்நோய் இருந்தால் அது தீரும் வரை தற்காலிகத் தகுதியின்மை என்கிறது அது. ஆனால் வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தால் இரண்டு பற்களுக்கு இடையிலுள்ள சொத்தையும் வேர் நுனிச் சீழும் தெரியாது. எக்ஸ்ரேயில்தான் தெரியும். ஆகவே ஃபிட்னஸ் சான்றிதழைப் பல்லுக்கான சான்றாக நினைக்காதீர்கள். கப்பலில் சேரும் (சைன் ஆன்) தேதிக்கு இரண்டு மாதம் முன்பே பல் மருத்துவரிடம் போய், "கப்பலுக்குப் போகிறேன், ஒன்பது மாதம் கரைக்கு வரமாட்டேன்" என்று சொல்லி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். கடைசி வாரத்தில் போனால் வேர் சிகிச்சையைப் பாதியில் விட்டுக் கப்பலேற நேரும். அது சொத்தையோடு போவதைவிட மோசம்.

அப்படியும் கடலில் வலி வந்தால் உங்களுக்கு உரிமைகள் உண்டு. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015இல் ஏற்று, 2016இல் அதற்கான விதிகளைக் கொண்டுவந்தது. கப்பல் தொடும் துறைமுகத்தில், நடைமுறைக்கு இயன்றவரை, தாமதமின்றி மருத்துவரையோ பல் மருத்துவரையோ பார்க்கும் உரிமை மாலுமிக்கு உண்டு. பல் மருத்துவர் என்ற சொல்லே அதில் இருக்கிறது. கொரோனா காலத்தில் பல துறைமுகங்கள் நோயுற்ற மாலுமிகளைக் கரையிறக்க மறுத்தன. அதன் பிறகு 2022இல் வந்த திருத்தம், உடனடிச் சிகிச்சை தேவைப்படும் மாலுமியைத் துறைமுக நாடு விரைந்து கரையிறக்க வேண்டும் என்கிறது. அது 2024 டிசம்பர் 23 முதல் நடைமுறையில் உள்ளது. நோயால் கரையிறக்கப்பட்டால் சிகிச்சைச் செலவும் ஊர் திரும்பும் செலவும் கப்பல் உரிமையாளருடையவை. நாட்டுச் சட்டம் இந்தச் செலவுப் பொறுப்புக்குக் கால வரம்பு வைக்கலாம், ஆனால் அது 16 வாரத்துக்குக் குறையக்கூடாது.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒப்பந்தத்தில் சேரும்போது தெரிந்தே மறைத்த நோய்க்கு உரிமையாளர் பொறுப்பல்ல என்று நாட்டுச் சட்டம் விலக்கு அளிக்கலாம். மருத்துவப் படிவத்தில் "பல் பிரச்சினை உண்டா" என்ற கேள்விக்கு, வேலை போய்விடுமோ என்று பயந்து "இல்லை" என எழுதுபவர் தன் பாதுகாப்பைத் தானே கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்கிறார். அடுத்தது, பல கூட்டு ஒப்பந்தங்கள் பல் சிகிச்சையைக் கடும் வலிக்கும் அவசரநிலைக்கும் மட்டும் என்று வரையறுக்கின்றன. பிடுங்குவதற்குக் கம்பெனி பணம் கொடுக்கும். பிறகு கட்டும் பல்லுக்குக் கொடுக்காமல் போகலாம். கையெழுத்திடும் முன் அந்தப் பத்தியைப் படியுங்கள், புரியாவிட்டால் மாலுமிகள் சங்கத்தில் கேளுங்கள்.

வலியை வாயால் மட்டும் சொல்லாதீர்கள். எந்தத் தேதியில், எந்த நேரத்தில் யாரிடம் சொன்னீர்கள், என்ன மாத்திரை கொடுத்தார்கள் என்பது கப்பலின் மருத்துவப் பதிவில் ஏற வேண்டும். அடுத்த துறைமுகத்தில் பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால், முறையிடும் நடைமுறை கப்பலிலேயே இருக்க வேண்டும். முறையிட்டவரைப் பழிவாங்குவது விதிமீறல். அதற்கும் அசையாவிட்டால் துறைமுக நாட்டின் கப்பல் ஆய்வாளரிடமும், சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தின் ஆய்வாளரிடமும் போகலாம். ஊர் திரும்பியபின் மும்பையிலுள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தில் புகார் கொடுக்கலாம்.

நடுக்கடலில் இருக்கும்போது ரேடியோ வழி மருத்துவ ஆலோசனை எந்நேரமும் இலவசம். ரோமில் 1935 முதல் இயங்கும் மையம் எந்த நாட்டுக் கப்பலுக்கும் இந்த உதவியைச் செய்கிறது. காய்ச்சல் எவ்வளவு, வாய் இரண்டு விரல் அகலம் திறக்கிறதா, எச்சில் விழுங்க முடிகிறதா, வீக்கம் தாடைக்கு அடியில் இறங்கியிருக்கிறதா என்பதைப் படத்தோடு அனுப்பச் சொல்லுங்கள். விழுங்க முடியவில்லை, குரல் மாறுகிறது, மூச்சு திணறுகிறது என்றால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் வைத்து அடக்கும் பழக்கம் வேண்டாம், ஈறு வெந்துபோகும்.

இத்தனை பாதுகாப்பும் வணிகக் கப்பலோடு நின்றுவிடுகிறது. கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் வட்டாரத்திலிருந்து விசைப்படகில் வாரக்கணக்காக ஆழ்கடலில் தங்கிச் சூரை, சுறா பிடிக்கும் மீனவர்களுக்கு இந்த உடன்படிக்கை பொருந்தாது. மீன்பிடிப் படகுகளை அது விலக்கியிருக்கிறது. மீன்பிடித் தொழிலாளர்களுக்கென்று 2007இல் தனி உடன்படிக்கை வந்தது. படகில் மருந்துப் பெட்டி, மருத்துவத் தகுதிச் சான்று, கரையில் சிகிச்சை எல்லாம் அதில் உண்டு. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. ஏற்க வேண்டும்; மீனவர் அமைப்புகள் இதைத் தேர்தல் கோரிக்கையாகவே வைக்கலாம்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். கிழக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. 61 நாளும் படகு கரையில்தான் நிற்கும். மீன்வளத் துறையும் சுகாதாரத் துறையும் அந்த நாட்களில் துறைமுகத்திலேயே எக்ஸ்ரே வசதியோடு பல் மருத்துவ முகாம் நடத்த வேண்டும். படகு உரிமையாளர்களே, எஞ்சினைப் பழுது பார்க்கும் அதே வாரத்தில் உங்கள் ஆட்களை அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கு அனுப்புங்கள். கடலில் மூச்சு திணறும் நிலை வந்துவிட்டால், கடலோரக் காவல்படையின் தேடல் மீட்பு எண் 1554. அதைப் படகின் சுக்கான் அறையில் எழுதி ஒட்டுங்கள். கரையில் இருக்கும் குடும்பத்தாரும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.